லட்சத்தில் மூன்று

துகள் இயற்பியலில் ஒரு சின்னப் பெருக்கல் கணக்கு இருக்கிறது. பள்ளி மாணவரே போட்டுவிடலாம். விடை லட்சத்துக்கு 220 என்று வர வேண்டும். ஆய்வகத்தில் அளந்தால் 3 வருகிறது. அளவீட்டில் பிழை இருக்குமோ என்று அமெரிக்காவிலும் சீனாவிலும் மாறி மாறிச் சோதித்துவிட்டார்கள். பிழை இல்லை. 1983-இல் வெளியான இந்த முரண்பாட்டுக்கு ‘ரோ-பை புதிர்’ என்று பெயர். எல்லோரும் ஏற்றுக்கொண்ட விளக்கம் இதற்கு இன்னும் கிடைக்கவில்லை.

கணக்கில் வரும் இரண்டு துகள்களும் 1974-இல் பிறந்தவை. அந்த ஆண்டு நவம்பர் 11 அன்று, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் இருந்த சாமுவேல் டிங்கின் குழுவும், மேற்குக் கரையில் ஸ்டான்ஃபோர்டில் இருந்த பர்ட்டன் ரிக்டரின் குழுவும் ஒரே துகளைக் கண்டதாக அறிவித்தன. டிங் அதற்கு ‘ஜே’ என்று பெயரிட்டார், ரிக்டர் ‘சை’ என்றார். உலகம் இரண்டையும் சேர்த்து ‘ஜே-சை’ என்று வைத்துக்கொண்டது. பத்து நாள் கழித்து அதே ஸ்டான்ஃபோர்ட் குழுவிடம் இன்னொரு துகளும் சிக்கியது. அது ‘சை-பிரைம்’. டிங்குக்கும் ரிக்டருக்கும் 1976-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஜே-சையின் நிறை 3097 மெகா எலக்ட்ரான்வோல்ட், அதாவது புரோட்டானைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல். சை-பிரைமின் நிறை 3686. இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே சோடிதான்: ஒரு சார்ம் குவார்க், ஓர் எதிர்-சார்ம் குவார்க். எலக்ட்ரானும் பாசிட்ரானும் ஒன்றையொன்று சுற்றும் அமைப்புக்கு பாசிட்ரோனியம் என்று முன்பே பெயர் இருந்ததால், இந்தச் சார்ம் சோடிக்குச் சார்மோனியம் என்று பெயர் வந்தது. வீணையின் ஒரே தந்தி முழுநீளத்துக்கு அதிர்ந்தால் ஒரு சுரம், நடுவில் ஒரு புள்ளி அசையாமல் நிற்க இருபுறமும் அதிர்ந்தால் அதற்கு மேலான சுரம். ஜே-சை முதல் வகை அதிர்வு, சை-பிரைம் இரண்டாம் வகை. தந்தி ஒன்றே.

ஜே-சை கண்டுபிடிக்கப்பட்டபோது எல்லோரையும் திகைக்க வைத்தது அதன் ஆயுள். இவ்வளவு கனமான துகள் உடனே உடைந்து சிதற வேண்டும். இதுவோ அதைவிட மிக லேசான ரோ மீசானைக் காட்டிலும் ஆயிரத்து அறுநூறு மடங்கு நீடித்து வாழ்கிறது. சார்ம் குவார்க்கைத் தாங்கிய மீசான்களில் மிக லேசானது டி மீசான். அப்படி இரண்டை உண்டாக்க ஏறத்தாழ 3730 மெகா எலக்ட்ரான்வோல்ட் தேவை. ஜே-சையிடமும் அவ்வளவு இல்லை, சை-பிரைமிடமும் இல்லை. சார்ம் குவார்க்குகள் தனித்தனியே பிரிந்து போகும் கதவு அடைத்துக் கிடக்கிறது. அந்தச் சோடி சிதைய வேண்டுமென்றால் இரண்டும் ஒரே புள்ளியில் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ள வேண்டும்.

அழிந்த பிறகு என்ன ஆகும்? குவார்க்குகளைப் பிணைக்கும் வலுவிசையின் துகள்களான குளுவான்களாக மாறும். ஒரே குளுவானாக மாற முடியாது. சோடிக்கு மொத்தத்தில் ‘நிறம்’ (வலுவிசைக்கான ஏற்றம்) கிடையாது, ஒற்றைக் குளுவானுக்கு நிறம் உண்டு. இரண்டு குளுவான்களாக மாறுவதைத் துகள்–எதிர்த்துகள் சமச்சீர் தடுக்கிறது. ஆக, குறைந்தது மூன்று வேண்டும். ஒவ்வொரு குளுவானுக்கும் விசையின் வலிமை ஒரு முறை பெருக்கப்படுகிறது. அந்த வலிமை இந்த ஆற்றலில் ஒன்றைவிட நன்றாகக் குறைவு என்பதால் மூன்று முறை பெருக்கியதும் விகிதம் சுருங்கிவிடுகிறது. நீண்ட ஆயுளின் காரணம் இதுவே. தாமஸ் அப்பெல்குவிஸ்ட்டும் டேவிட் பொலிட்ஸரும் சொன்ன இந்த விளக்கம், குவாண்டம் நிறவியக்கவியல் என்ற கோட்பாட்டுக்குக் கிடைத்த ஆரம்ப வெற்றிகளில் ஒன்று. மூன்று குளுவான்களும் பிறகு சாதாரணக் குவார்க்குகளாகி, பயான், கேயான், புரோட்டான் என்று ஹாட்ரான்களாக உறைகின்றன. இதைத்தான் ஹாட்ரான் சிதைவு என்கிறோம்.

குளுவான் வழி தவிர வேறொரு வழியும் உண்டு. சோடி அழிந்து ஓர் ஒளித்துகளாகி, அது எலக்ட்ரான்–பாசிட்ரான் இணையாக வெளிவரலாம்.

ஒரு பேருந்துச் சந்திப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊர்களிலிருந்து ஆட்கள் அங்கே வந்து இறங்குகிறார்கள். முதல் ஊரிலிருந்து நூறு பேர் வந்தால் இரண்டாம் ஊரிலிருந்து பதின்மூன்று பேர் வருகிறார்கள். சந்திப்பிலிருந்து பல ஊர்களுக்கு வண்டி கிளம்புகிறது. இறங்கியவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது கிளம்பும் வண்டிக்குத் தெரியாது. ஆகவே எந்த வண்டியை நிறுத்தி எண்ணினாலும் நூற்றுக்குப் பதின்மூன்று என்ற விகிதம் மாறக்கூடாது.

சார்மோனியத்தில் சந்திப்பு என்பது சார்மும் எதிர்-சார்மும் ஒரே புள்ளியில் கூடுவது. ஜே-சையில் அப்படிக் கூடும் வாய்ப்பு ஓர் அளவு, சை-பிரைமில் வேறோர் அளவு. கூடிய பின் நடப்பது இரண்டிலும் ஒன்றே. சை-பிரைமுக்கு வேறு வேலையும் இருக்கிறது: அதில் பாதிக்கு மேல் அழியாமலே ஜே-சையாக இறங்கிவிடுகின்றன. மூன்றில் ஒரு பங்கு இரண்டு மின்னேற்றப் பயான்களை உமிழ்ந்து இறங்கும். (அந்த நிகழ்வின் பழைய படமொன்றில் இரண்டு பயான்களின் வளைந்த தடங்களும், ஜே-சை தந்த எலக்ட்ரான் இணையின் நேர்த்தடங்களும் சேர்ந்து கிரேக்க எழுத்தான ‘சை’யை அப்படியே வரைந்திருக்கும். பாடநூல்களில் நான் விரும்பித் தேடும் படம் அது.) அதனால் சந்திப்புக்கு வந்து சேரும் சை-பிரைம்கள் குறைவு. எவ்வளவு குறைவு என்பதை எலக்ட்ரான் வண்டியை எண்ணியே தெரிந்துகொள்ளலாம். நூறு ஜே-சையில் 5.97 எலக்ட்ரான்–பாசிட்ரான் இணையாகச் சிதைகின்றன. நூறு சை-பிரைமில் 0.79. வகுத்தால் ஏறத்தாழ 13 சதவீதம். ஆரம்பகால அளவீடுகள் 12-க்கு அருகே இருந்ததால் இதைப் ‘பன்னிரண்டு சதவீத விதி’ என்றே இன்றும் சொல்கிறார்கள்.

விதி பல இடங்களில் அழகாகப் பொருந்துகிறது. புரோட்டான்–எதிர்ப்புரோட்டான் சிதைவை எடுத்துக்கொள்வோம். ஜே-சையில் ஆயிரத்துக்கு இரண்டு, சை-பிரைமில் பத்தாயிரத்துக்கு மூன்று. விகிதம் 14 சதவீதம். இவ்வளவு முரட்டுத்தனமான ஓர் ஊகத்துக்கு இது வியக்கத்தக்க வெற்றி.

1983-இல் ஸ்டான்ஃபோர்டின் மார்க்-2 உணர்கருவிக் குழு பல ஹாட்ரான் சிதைவுகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து இந்த விகிதத்தைப் பார்த்தது. கட்டுரையின் முதல் பெயர் மெலிசா ஃபிராங்க்ளின். ஸ்டான்ஃபோர்டில் அப்போதுதான் முனைவர் பட்டம் முடித்திருந்தார். பின்னாளில் ஹார்வர்டு இயற்பியல் துறையில் நிரந்தரப் பேராசிரியரான முதல் பெண் அவர். அவர்கள் பார்த்த பெரும்பாலான சிதைவுகள் விதிக்கு அருகே நின்றன. இரண்டு மட்டும் விலகின. ஒன்று ரோ மீசானும் பயானும் சேர்ந்த சிதைவு (சுருக்கமாக ரோ-பை), மற்றது கேயானும் அதன் கிளர்வுற்ற நிலையான கே-ஸ்டாரும் சேர்ந்தது. ஜே-சையில் ரோ-பை வண்டி நிரம்பி வழிகிறது: நூற்றுக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு, ஏறக்குறைய 1.7. இரண்டே ஹாட்ரான்களாகப் பிரியும் சிதைவுகளில் இதுவே முதன்மையானது. அப்படியானால் சை-பிரைமில் அதன் 13 சதவீதம், லட்சத்துக்கு 220 வர வேண்டும். மார்க்-2 கருவிக்கு எதுவும் தென்படவில்லை, உச்சவரம்பு மட்டுமே சொல்ல முடிந்தது. பிறகு வந்த நுண்ணிய அளவீடுகள் சேர்ந்து லட்சத்துக்கு 3 என்று நிறுத்தியுள்ளன. எழுபது மடங்கு பற்றாக்குறை.

இதை எப்படி எண்ணுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. புதிரின் முகம் அங்கேதான் தெரிகிறது. ரோ மீசான் கருவியை எட்டும்வரை உயிரோடு இருப்பதில்லை, பிறந்த இடத்திலேயே இரண்டு பயான்களாகிவிடும். எனவே கண்ணுக்குக் கிடைப்பது மூன்று பயான்கள்: ஒன்று நேர்மின், ஒன்று எதிர்மின், ஒன்று மின்னற்றது. மின்னற்றதும் உடனே இரண்டு ஒளித்துகள்களாக மாறிவிடும். மூன்றில் எந்த இரண்டு ரோவிலிருந்து வந்தவை என்று அறிய, இரண்டிரண்டாகச் சேர்த்து அவற்றின் கூட்டு நிறையைக் கணக்கிட்டு ஒரு தளத்தில் புள்ளியாக வைப்பார்கள். டாலிட்ஸ் வரைபடம் என்று அதற்குப் பெயர். ஜே-சையின் வரைபடத்தில் ரோவின் நிறையான 770 மெகா எலக்ட்ரான்வோல்ட் அருகே மூன்று பட்டைகள் பளிச்சென்று விளிம்போரமாக ஓடுகின்றன. நடுப்பகுதி ஏறக்குறைய வெறுமை. சை-பிரைமின் வரைபடம் இதற்கு நேர்மாறு: விளிம்புப் பட்டைகள் மெலிந்து கிடக்க, புள்ளிகள் நடுவில், இரண்டாயிரம் மெகா எலக்ட்ரான்வோல்டைத் தாண்டிய கூட்டு நிறைகளில் குவிந்திருக்கின்றன. இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால், ஒரே சோடி அழிந்து வந்தவை இவை என்று நம்பவே மனம் வராது.

ஆகையால் சை-பிரைமுக்கு ஏதோ நோய் என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். விஷயம் அவ்வளவு எளிதல்ல. குற்றவாளிக் கூண்டில் ஜே-சையையும் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஸ்டான்லி பிராட்ஸ்கியும் பீட்டர் லெபாஜும் 1981-இல் ஒரு விதியைக் காட்டினார்கள். குளுவானிலிருந்து பிறக்கும் லேசான குவார்க்கும் எதிர்-குவார்க்கும் எதிரெதிர்ச் சுழற்சிப் போக்கோடுதான் வருகின்றன: ஒன்று தன் பாதையில் வலஞ்சுழியாகச் சுழன்றால் மற்றது இடஞ்சுழி. அவை இரண்டு ஹாட்ரான்களாகச் சேரும்போதும் இந்தக் கணக்கு சமன் ஆக வேண்டும். கூட்டிப் பார்த்தால் பூஜ்யம் வர வேண்டும். பயானுக்குத் தற்சுழற்சியே இல்லை. ரோவுக்கு உண்டு. ஜே-சை ரோவாகவும் பயானாகவும் பிரியும்போது ரோ சுழன்றுகொண்டே வெளிவர வேண்டும் என்று கண்ணாடிச் சமச்சீர் கட்டாயப்படுத்துகிறது. அப்போது கூட்டுத்தொகை பூஜ்யம் ஆவதில்லை. கோட்பாட்டின் முதல்நிலைக் கணக்குப்படி ரோ-பை சிதைவு ஜே-சையிலும் சை-பிரைமிலும் ஒடுங்கியிருக்க வேண்டும். ஜே-சையிலோ அதுவே முன்வரிசையில் நிற்கிறது.

இப்போது கேள்வியே புரண்டுவிடுகிறது. வர வேண்டியது வராத சை-பிரைம் புதிரா, வரக்கூடாதது வந்து குவிந்த ஜே-சை புதிரா? இரண்டும்தான் என்பது என் எண்ணம். விளக்கங்கள் பலவும் தடுமாறியதற்கு இது ஒரு காரணம் என்றும் நினைக்கிறேன். ஒரு பக்கத்தை மட்டும் சரிசெய்யப் போனவர்களுக்கு மறுபக்கம் இடித்தது.

விளக்கங்களில் மிகவும் கவர்ச்சியானது குளுவான் பந்து பற்றியது. குவார்க்கே இல்லாமல் குளுவான்கள் மட்டும் சேர்ந்து ஒரு துகளாகலாம் என்று கோட்பாடு சொல்கிறது. ஜே-சையின் நிறைக்கு மிக அருகே அப்படி ஒன்று ஒளிந்திருந்து, ஜே-சையோடு கலந்து, ரோ-பை சிதைவை ஊதிப் பெருக்குகிறது என்று ஹௌவும் சோனியும் 1983-இல் சொன்னார்கள். பிராட்ஸ்கி, லெபாஜ், துவான் மூவரும் 1987-இல் அதை இன்னும் கூர்மையாக்கினார்கள். இதன் அழகு, சோதித்துப் பார்க்கக் கூடியது என்பது. பெய்ஜிங் மோதுவியில் ஜே-சைக்கு அக்கம்பக்கத்து ஆற்றல்களில் ரோ-பையைத் தேடினார்கள். பந்தின் தடயம் கிடைக்கவில்லை. கணினியில் வெளியையும் காலத்தையும் கட்டம்கட்டமாகப் பிரித்துப் போடும் கணக்கும் இந்த வகைக் குளுவான் பந்தின் நிறையை 3800-க்கு அருகே வைக்கிறது, ஜே-சையிலிருந்து வெகுதூரம். நல்ல கருத்துதான், இயற்கை அதை ஏற்கவில்லை.

ஜொனாதன் ரோஸ்னர் 2001-இல் வேறு திசையில் போனார். சை-பிரைம் தூய நிலை அல்ல. அருகிலுள்ள 3770 நிறைச் சார்மோனியத்தின் சாயல் கொஞ்சம் அதில் கலந்திருக்கிறது. இரண்டு பங்குகளும் ரோ-பை சிதைவில் ஒன்றையொன்று ரத்து செய்துவிடுகின்றன. இழந்த சிதைவு எங்கும் போகவில்லை, 3770-இல் தலைகாட்ட வேண்டும் என்றார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிளியோ குழு அங்கே பார்த்தபோது ரோ-பை கூடவில்லை, பின்னணியைவிடக் குறைந்திருந்தது. சிதைவும் பின்னணியும் எதிரெதிர் அலைகளாக மோதித் தணிந்தால் அப்படிக் குறையலாம் என்பதால் கருத்து உயிரோடு இருக்கிறது, நிரூபணம் ஆகவில்லை. பிராட்ஸ்கியும் மாரெக் கார்லினரும் 1997-இல், ரோவுக்குள்ளும் பயானுக்குள்ளும் இயல்பாகவே சிறிதளவு சார்ம் சோடி இருப்பதாகவும், ஜே-சையின் சார்ம் அழியாமலே அதற்குள் போய்விடுவதாகவும் சொன்னார்கள். பிறந்த ஹாட்ரான்கள் போகிற வழியில் ஒன்றோடொன்று மோதி உருமாறுகின்றன என்போரும் உண்டு. ஒவ்வொன்றும் ஓரிரு எண்களை விளக்குகிறது, பட்டியலின் அடுத்த வரியில் தடுக்கி விழுகிறது.

பட்டியலில் எனக்கு மிகவும் பொருள் உள்ளதாகத் தோன்றும் வரி, ஒமேகா மீசானும் மின்னற்ற பயானும் வரும் சிதைவு. சமச்சீர் காரணமாக அதற்குக் குளுவான் வழி கிட்டத்தட்ட மூடப்பட்டது, ஒளித்துகள் வழி மட்டுமே திறந்தது. அங்கே விகிதம் ஏறக்குறைய 5 சதவீதம். பதின்மூன்றுக்குக் குறைவுதான், ஆனால் ஆற்றல் ஏற ஏற இத்தகைய சிதைவு மெலியும் என்பதைச் சேர்த்தால் எதிர்பார்த்த வட்டாரத்திலேயே இருக்கிறது. பேரழிவு எதுவும் நடக்கவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: சை-பிரைமில் இந்தச் சிதைவு லட்சத்துக்கு 2, ரோ-பை லட்சத்துக்கு 3. வலுவிசையால் நடக்க வேண்டிய ஒன்று, அதைவிட மிகவும் பலவீனமான மின்காந்த வழியில் நடப்பதன் அளவுக்கு வந்து நிற்கிறது. அப்படியென்றால் சை-பிரைமில் ரோ-பைக்கான குளுவான் வழி ஏறத்தாழ அடைந்தே போயிருக்கிறது. கே-ஸ்டார் சிதைவும் இதற்குச் சாட்சி. மின்னேற்ற வகையும் மின்னற்ற வகையும் வலுவிசைக்கு ஒன்றுதான். சை-பிரைமில் மின்னேற்ற வகை மின்னற்றதைவிடப் பல மடங்கு குறைவு. மின்காந்த வழிக்குக் குளுவான் வழியோடு மல்லுக்கட்டும் பலம் இருந்தால்தான் இவ்வளவு வேற்றுமை தெரியும்.

எதிர்ப்பக்க விலகலும் உண்டு. குறுவாழ்வுக் கேயானும் நெடுவாழ்வுக் கேயானும் சேர்ந்து வரும் சிதைவில் விகிதம் 25 சதவீதத்தைத் தாண்டுகிறது, விதி சொன்னதைப் போல இரண்டு மடங்கு. குறைவை மட்டும் விளக்கும் எந்தக் கருத்தும் போதாது.

இதனால் குவாண்டம் நிறவியக்கவியல் பொய்யாகிவிட்டதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இல்லை. பன்னிரண்டு சதவீதம் என்பது அந்தக் கோட்பாட்டின் தீர்ப்பு அல்ல, நாம் செய்துகொண்ட தோராயம். எல்லாச் சிதைவுகளையும் கூட்டிப் பார்க்கும்போது அதற்கு நியாயம் அதிகம். தனியொரு சிதைவுக்கு அதைப் போட்டுப் பார்ப்பதில் சொல்லாமல் விட்ட அனுமானங்கள் நிறைய. சந்திப்பில் இறங்கியவர் எந்த ஊர்க்காரர் என்று வண்டிக்குத் தெரியாது என்றோமே, அதுவே ஓர் அனுமானம். சை-பிரைமின் ஆற்றல் கூடுதல், அலை வடிவம் வேறு, டி மீசான் வாசலுக்கு அது வெகு அருகில். இவையெல்லாம் சிறு திருத்தங்கள் என்று எண்ணியிருந்தோம். சார்ம் குவார்க்கின் நிறை சங்கடமான இடத்தில் நிற்கிறது: குளுவான்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கணக்குப் போட முழுதும் தகுந்த அளவுக்குக் கனமில்லை, அப்படி எண்ணுவதை அடியோடு கைவிடும் அளவுக்கு லேசும் இல்லை. மூன்று குளுவான்கள் வரை பேனாவும் தாளும் போதும். அவை ஹாட்ரான்களாக உறையும் அந்தக் கடைசிப் படியை நம்மால் முதலிலிருந்து கணக்கிட முடிவதில்லை. ரோ-பை புதிர் அந்த இயலாமைக்குக் கிடைத்த துல்லியமான எண். அதனாலேயே இதை ஒரு மூலைச் சங்கதி என்று ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. நம் உடலின் எடையில் ஏறக்குறைய முழுவதும் குவார்க்குகளைக் குளுவான்கள் கட்டிப்போடும் விதத்திலிருந்துதான் வருகிறது. அந்த விதம் தெரியவில்லை என்பது சிறு குறை அல்ல.

வேலை நின்றுவிடவில்லை. பெய்ஜிங்கில் பெஸ்-3 கருவி இதுவரை ஆயிரம் கோடி ஜே-சைகளையும், 270 கோடி சை-பிரைம்களையும் பதிவு செய்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யும் அந்தக் கூட்டு முயற்சியின் உறுப்பு நிறுவனங்களில் ஒன்று. அந்த 270 கோடிக்குள் ரோ-பை சிதைவுகள் எண்பதாயிரத்துக்கும் மேல் இருக்க வேண்டும். மார்க்-2 காலத்தில் ஒன்றுகூடத் தெளிவாகத் தெரியாத இடம் அது.

துகள் தரவுக் குழுவின் பட்டியல்கள் இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. இயற்பியல் படிக்கும் மாணவர் யாராவது இதை வாசித்தால் ஒரு மாலைப்பொழுது செலவிடுங்கள். ஜே-சையின் பட்டியலை ஒரு பக்கமும் சை-பிரைமின் பட்டியலை மறுபக்கமும் வைத்து, ஒவ்வொரு வரியாக வகுத்து, பதின்மூன்றுக்கு அருகே நிற்பவை எவை, விலகுபவை எவை என்று நீங்களே எழுதிப் பாருங்கள். ரோ-பை வரிக்கு வரும்போது விடை 0.2 சதவீதம் என்று வரும்.